ஊதா மூடி ஏன் மஞ்சளுக்குப் பிறகு?

"சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாமே ஒரே ரத்தத்தில்தானே இருக்கிறது? லேபில் எதற்கு மூன்று நான்கு குழாய்களில் எடுக்கிறார்கள்? இவ்வளவு ரத்தம் போனால் உடம்பு தாங்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மூன்று குழாய்க்கும் சேர்த்துச் சுமார் 10 மி.லி. பெரியவர்கள் உடலில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர். ரத்த தானத்தில் ஒரே தடவையில் 350 மி.லி. கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். டெஸ்ட் எடுத்தால் "ரத்தம் வற்றிப்போகும்" என்று பரிசோதனையையே தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

இனி மூடிகளுக்கு வருவோம். நிறம் உள்ளே இருக்கும் மருந்தைக் காட்டும் அடையாளம். இளநீலத்தில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட். சிவப்பிலும் மஞ்சளிலும் ரத்தம் உறையவிடப்படும். மஞ்சளில் கூடுதலாக ஒரு ஜெல், உறைந்த கட்டியையும் மேலே தெளியும் சீரத்தையும் பிரிக்கும். பச்சையில் உறையவிடாத இன்னொரு மருந்தான ஹெப்பாரின், சாம்பலில் ரத்தச் சர்க்கரை குறையாமல் காக்கும் ஃப்ளோரைடு. ஊதாவில் இ.டி.டி.ஏ., இதுவும் ரத்தத்தை உறையவிடாத ரசாயனமே. இந்த ஊதா மூடிக்குள் நடப்பதுதான் விசேஷம்.

ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும் என்பது 1890-இல் பிரான்சில் ஆர்த்துஸும் பாஜேயும் காட்டிய உண்மை. ஏன் வேண்டும்? உறையவைக்கும் புரதங்களில் நான்கு, அதாவது 2, 7, 9, 10 ஆகிய எண்களைக் கொண்டவை, தம் மூலக்கூறின் ஓரிடத்தில் எதிர்மின்னூட்டம் நெருக்கமாகக் குவிந்தவை. வைட்டமின் கே இருந்தால்தான் கல்லீரலால் அந்தக் குவியலை உண்டாக்க முடியும். இவை வேலை செய்ய வேண்டிய மேடை தட்டணுவின் (பிளேட்லெட்) சவ்வு. தூண்டப்பட்ட தட்டணுவின் வெளிப்புறமும் எதிர்மின்னூட்டம் கொண்டதே! இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் இரட்டை நேர்மின்னூட்டத்தோடு கால்சியம் அயனி வந்து உட்கார்ந்தால்தான் புரதம் சவ்வில் ஒட்டும். ஒட்டிய பிறகே நொதிகளான இந்தப் புரதங்கள் ஒன்றையொன்று வேகமாகத் தூண்டுகின்றன. நம் உடம்பு காயத்தின் வாயில் மட்டும் ரத்தத்தை உறையவைத்து, மற்ற இடங்களில் ஓடவிடுவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தையே தூக்கிவிடுகிறது. ஒரு மூலக்கூறு தன் நான்கு ஆக்சிஜன்களாலும் இரண்டு நைட்ரஜன்களாலும், ஆறு விரலால் எலுமிச்சம்பழத்தைப் பொத்துவதுபோல, ஒரு கால்சியத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 1.8 மில்லிகிராம் போடுகிறார்கள். அந்த ரத்தத்தில் இருக்கும் கால்சியம் முழுவதையும் பிடித்தாலும் மிச்சமிருக்கும் அளவு அது. அணுக்களின் வடிவமும் கெடாது. அதனால்தான் ரத்த அணு எண்ணிக்கைக்கு ஊதா.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், குழாயில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. ஊதாக் குழாய் ரத்தம் கொஞ்சம் மஞ்சளில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். சீரத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 7 என்று ரிப்போர்ட் வந்தால் இதயத்துடிப்பே தடுமாறக்கூடிய நிலை, மருத்துவர் ஓடிவருவார். ஆகவேதான் எடுக்கும் வரிசை இப்படி: கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் பாட்டில், நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் வெற்றிடக் குழாயில் ஒழுங்காக எடுத்தால் கலப்பது அரிது. சிரிஞ்சில் எடுத்து நிரப்பும்போது நுனி ஊதாக் குழாயின் உள்சுவரைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதும், மஞ்சளில் அளவு குறைகிறதென்று ஊதாவிலிருந்து சாய்த்து ஊற்றுவதும்தான் பெரிய தவறுகள். இரண்டாவதைச் செய்யவே கூடாது. நல்ல லேப் டெக்னீஷியன் இதைக் கண்டுபிடித்துவிடுவார்: பொட்டாசியம் எகிறி, கால்சியமும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் சேர்ந்து சரிந்திருக்கும். அந்த நொதி துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் நம்பி வேலை செய்வது, இ.டி.டி.ஏ. அவற்றையும் பிடுங்கிக்கொள்ளும்.

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க எடுக்கும் நீலக் குழாயில் கணக்கு கறார்: 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு 2.7 மி.லி. ரத்தம். பாதிதான் நிரம்பினால் மிஞ்சிய சிட்ரேட், பரிசோதனையில் திரும்பச் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கி, உறையும் நேரத்தை நீட்டிக்காட்டும். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால் ரத்தக்கட்டி வரலாம். கோடு வரை நிரம்பாத நீலக் குழாயை அனுப்பாமல் மறுபடி எடுப்பதே சரி.

எடுத்த கையோடு குழாயைக் குலுக்கக் கூடாது. மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். நீலத்துக்கு 3-4 முறை, ஊதாவுக்கு 8-10 முறை. குலுக்கினால் சிவப்பணு உடையும். அதன் உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். சிரிஞ்சை ஊசி வழியாக அழுத்திப் பீய்ச்சினாலும் இதே கதி. கையை மூடி மூடித் திறக்கச் சொல்வதும் வேண்டாம். முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் கசியும். ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியிருக்கக் கூடாது. ஸ்பிரிட் துடைத்தபின் 30 விநாடி காயட்டும், ஊதக் கூடாது. ஊசி தோலோடு 30 டிகிரிக்குள் சாய்ந்து போகட்டும். டிரிப்ஸ் ஏறும் கையிலும், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையிலும் எடுக்காதீர்கள்.

ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி ரத்தம் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆனால் இயந்திரம் வாங்கப் பல லட்சம் ஒதுக்கும் இடங்கள்கூட, ஊசி பிடிக்கும் உதவியாளருக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுக்கத் தயங்குகின்றன. இது எனக்கு ஏற்கவே முடியாத சிக்கனம். அரசு மருத்துவமனைகளிலாவது ஆண்டுதோறும் இதற்கென்று தனி நிதி வேண்டும்.

நோயாளியாக நீங்களும் ஒன்று செய்யலாம். குழாயில் பெயர் ஒட்டுவது ரத்தம் எடுத்த பின், உங்கள் முன்னாலேயே நடக்க வேண்டும். முன்கூட்டியே ஒட்டிவைத்த குழாய் பக்கத்து ஆளுக்குப் போய்விடும். "உங்கள் பெயர் முருகனா?" என்று கேட்டால், களைப்பில் யாரும் தலையாட்டிவிடுவார்கள், "பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள்" என்று கேட்பதே முறை. கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லிவிட்டு, லேபிளை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.