கோரையை அழித்தீர்கள், தண்ணீரை என்ன செய்தீர்கள்?

போன வாரமும் அதே கதை. தாடைக்குக் கீழே பை போல நீர் கோர்த்த நான்கு ஆடுகள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ஒரு சொட்டு ரத்தம் இல்லாத வெளுப்பு. சேற்று மேய்ச்சலில் தொற்றும் ஈரல் தட்டைப்புழுவின் வேலை. கொட்டகை சுத்தமாகத்தான் இருந்தது, தீவனத்திலும் குறை சொல்ல முடியாது. ஆட்டுக்காரர் பெருமையோடு மேய்ச்சல் நிலத்தைக் காட்டினார். "அந்த மூலையில் இடுப்பு உயரத்துக்குக் கோரை நின்றது டாக்டர். ஒன்று விடாமல் மருந்தடித்துக் கருக்கிவிட்டேன்." அந்த மூலைக்கு நடந்து போனேன். காலைத் தூக்கினேன், செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது.

கோரைதான் நிலத்தைக் கெடுத்தது என்று ஏன்தான் இப்படி நம்புகிறோம்? மேய்ச்சலில் கோரை திட்டுத் திட்டாகப் பெருகினால், அங்கே நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். நல்ல புல்லின் வேர் மூச்சுத் திணறிச் சாகிறது, ஈரத்தைத் தாங்கும் கோரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் களைக்கொல்லி அடித்தால் மேலே நிற்பது கருகும். விதை? அது மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். கருகிப்போன இடம் வெறும் சேறாக, வெயில் நேராகப் படும்படி இருந்தால் முதலில் முளைப்பது அதுதான். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் "போன தடவையை விட அதிகமாக வந்துவிட்டது" என்று எனக்கே போன் வருகிறது. நான் மாட்டு டாக்டர், களை டாக்டர் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள், சரி, சொல்கிறேன்.

மண்வெட்டியை எடுத்து, கோரை நிற்கும் இடத்தில் ஒன்றரை அடிக்குக் குழி வெட்டிப் பாருங்கள். மேலே சொதசொதவென்று இருந்து, அரையடிக்குக் கீழே மண் இறுகிக் காய்ந்திருந்தால், குளம்பு மிதித்து மிதித்து மண் கெட்டித்துப் போயிருக்கிறது. அந்த இறுக்கத்தை உடைக்க வேண்டும், அதையும் மண் காய்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும். குழிக்குள் பக்கவாட்டிலிருந்தோ அடியிலிருந்தோ தண்ணீர் ஊறி நிறைந்தால் வடிகால் இல்லாமல் தீராது. மண் சாம்பல் நிறத்தில் துருக்கோடுகளோடு, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே நெடுநாளாகத் தண்ணீர் தேங்குகிறது. புதிதாக வாய்க்கால் வெட்டுமுன் பழையது தூர்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி வழிகிறதா, குழாய் கசிகிறதா என்றும் பாருங்கள். பாதி இடங்களில் நான் பார்த்த குற்றவாளி அந்தக் குழாய்தான்.

கோரையை வெட்டுவதானால் விதை முற்றுவதற்கு முன்னால், தரையை ஒட்டி வெட்டுங்கள். தழைத்தால் மறுபடி வெட்டுங்கள். என்ன செய்தும் வடியாத மூலை என்றால் வேலி போட்டு விட்டுவிடுங்கள், தவளையும் கொக்கும் பிழைத்துப் போகட்டும்.

அந்த வேலி ஆடுமாடுகளுக்காகத்தான். ஈரல் தட்டைப்புழுவைச் சுமக்கும் நத்தை விரல் நகத்தைவிடச் சின்னதாகவும் இருக்கும். குளம்பு பதிந்த பள்ளத்துத் தண்ணீரே அதற்குப் போதும். "நத்தையே கண்ணில் படவில்லையே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "மேயவிடவில்லை, அறுத்துத்தான் போட்டேன்" என்பது இன்னொன்று. நத்தையை விட்டு வெளியே வந்த புழு கூடு கட்டி ஒட்டியிருப்பதே அந்தப் புல்லில்தான், அறுத்து வந்தால் கூடவே வரும். நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு உப்பு) தூவுகிற ஆட்டுக்காரர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. செம்பு ஆட்டின் ஈரலில் சேர்ந்து ஒருநாள் ஆட்டையே சாய்த்துவிடும். வாத்து விடலாமா என்றால் விடுங்கள், நத்தை தின்னும். அதை நம்பி வேலியை மட்டும் பிரித்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்தப் "பூச்சி மருந்து கொடுத்தாச்சே." எந்த மருந்து? ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடவே தொடாது. அல்பெண்டசோல் வளர்ந்த புழுவை மட்டும் கொல்லும். ஈரலைத் துளைத்துக்கொண்டு திரியும் குட்டிப் புழு தப்பித்துவிடும், அதிக நாசம் செய்வதும் அதுதான். குட்டிப் புழுவையும் கொல்லும் டிரைக்ளாபெண்டசோலுக்கு அடங்காத புழுக்கள் பல நாடுகளில் வந்துவிட்டன, கறவை மாட்டுக்கு அதை நினைத்தபடி கொடுக்கவும் முடியாது. குளோசன்டெல் அளவு மிஞ்சினால் ஆட்டுக்குக் கண் போய்விடும், ஆகவே எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றாதீர்கள். சாணப் பரிசோதனையில் முட்டை இல்லை என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம். புழு உள்ளே போய் முட்டையிட ஆரம்பிக்கவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும்.

மருந்து கொடுத்துவிட்டு அதே சேற்றில் திரும்ப ஓட்டினால் நான் வந்து போனதற்கு அர்த்தமே இல்லை. மேட்டு நிலத்துக்கு மாற்றுங்கள், மண் காயும்வரை பள்ளத்தில் இறக்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இனி ஓர் ஆடு திடீரென்று செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். கூப்பிடுங்கள், ஈரலைப் பார்த்துவிடலாம். மிச்சம் இருக்கும் ஆடுகளுக்கு என்ன கொடுப்பதென்று அதைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.