45 என்றதும் பதறாதீர்கள்

மூன்று கரு கலைந்த பிறகுதான் அந்தத் தம்பதி கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு என்னிடம் வந்தார்கள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் என்று அந்தப் பெண்ணின் ஃபைல் செங்கல் கனம். கணவரிடம் ஒரு சொட்டு ரத்தம் யாரும் கேட்டதில்லை.

இருவருக்கும் கேரியோடைப் பார்த்தோம். ரத்த செல்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும்போது நடுவழியில் நிறுத்தி, குரோமோசோம்களை (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளை) எண்ணும் சோதனை. வழக்கமான எண்ணிக்கை 46. (நிறுத்தப் பயன்படும் கால்ச்சிசின் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் விஷம்!) மனைவிக்கு 46. கணவருக்கு 45.

"ஒண்ணு கொறையுதா டாக்டரம்மா?" கூட வந்த மாமியாரின் முகம் வெளுத்தது.

மேஜையில் இரண்டு தீக்குச்சிகளைத் தலையோடு தலை சேர்த்து வைத்தேன். "கொறையலம்மா. 13ஆம் நம்பர் குரோமோசோமும் 14ஆம் நம்பரும் இப்படி ஒட்டிக்கிச்சு. எண்ணினா ஒண்ணு, சரக்கு ரெண்டோடது." ராபர்ட்சோனியன் இணைவு என்பார்கள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. அவருக்கு ஒரு நோயும் இல்லை.

இதை நன்றாகக் காட்டித்தந்தவை எலிகள். வீட்டுச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம். எல்லாமே தலை ஓரத்தில் உள்ள தீக்குச்சிகள். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கு எலிகளுக்கோ, இப்படி ஒட்டிக்கொண்டதால், 26தான் என்று ஆய்வாளர் ஆல்ஃப்ரட் கிராப்பின் குழு 1960களின் இறுதியில் கண்டது. போர்ச்சுகலின் மதெய்ரா தீவில், மலை பிரித்த பள்ளத்தாக்குகளில், ஆறு வகை எலிகள் இருப்பதாக 2000இல் தெரியவந்தது. ஒரு வகைக்கு 22தான். தன் வகையோடு சேர்ந்தால் குட்டிக்குக் குறைவில்லை. வேறு ஜோடியாக ஒட்டிய இன்னொரு வகையோடு சேர்ந்தால், கலப்புக் குட்டியின் உடலில் குரோமோசோம்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், விந்தணு, கருமுட்டை உருவாகும்போது பங்கீடு குழம்பும், வாரிசு தட்டும். புதிய இனம் பிரிய இதுவும் ஒரு வழி.

"எலிக்கும் எம் புள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பங்கீடுதான். ஒட்டியது ஒன்று, ஒட்டாத 13, 14: மூன்றும் இரண்டு விந்தணுக்களுக்குச் சரியாகப் பிரிய வேண்டும். தவறினால் பெரும்பாலும் கரு நிற்காது. சரியாகப் பிரிந்தால் நல்ல குழந்தைதான்.

இரண்டு முறை கலைந்தாலே இருவரும் இந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுங்கள். ரிப்போர்ட்டில் 21ஆம் எண் ஒட்டியிருந்தால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) வர வாய்ப்பு உண்டு. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரிடம் காட்டுங்கள்.

கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் இளைய மகனைப் பற்றி மாமியார் கேட்டார். பெற்றோரில் ஒருவரிடம் இந்த இணைவு இருந்தால் அந்த மகனுக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. முதலில் உங்கள் இருவரையும் பார்க்கணும் என்றேன்.

"என்னையா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்க வேண்டாமாம். சனிக்கிழமை வருகிறார்.