ஆஸ்துமா: இரைப்பா, ஈளையா?

ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த நோயை ‘ஆஸ்மா’ என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் இருக்கும் ‘து’ அவர்கள் வாயில் வருவதே இல்லை. எழுத்தைப் பார்த்துப் படித்த நாம் அதையும் சேர்த்து உச்சரித்து ‘ஆஸ்துமா’ ஆக்கிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், மூலத்துக்கு நெருக்கமாக இருப்பது நம் உச்சரிப்புதான். கிரேக்கத்தில் அது ‘ஆஸ்த்மா’. லத்தீன் வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்குப் போனபோது ‘அஸ்மா’ என்று தேய்ந்துவிட்டது. பிற்காலத்தில் கிரேக்கம் படித்தவர்கள் எழுத்தை மட்டும் மீட்டு வைத்தார்கள், ஒலி திரும்பவில்லை.

கிரேக்கச் சொல்லுக்கு ‘மூச்சு வாங்குதல்’ என்பதே பொருள். அது முதலில் ஒரு நோயின் பெயராக இல்லை. ஹோமரின் இலியத் காவியத்தில் ஏஜாக்ஸ் எறிந்த கல் பட்டுச் சாய்ந்த ஹெக்டர் மூச்சுக்குத் திணறுகிறான். அங்கே வருவது இந்தச் சொல்தான். ஹெக்டருக்கு ஆஸ்துமா இருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல்களில்தான் அது மருத்துவச் சொல்லாகிறது. அதன்பின் கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற மருத்துவர் நோயாளியின் திணறலை விரிவாக எழுதிவைத்தார். அவர்கள் எல்லோருமே கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துப் பெயரிட்டவர்கள். மூச்சுக்குழலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அப்படி, வெளியே தெரியும் அறிகுறிக்கு வைத்த பெயரையே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நோயின் பெயராகச் சொல்லி வருகிறோம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கைவைத்திருக்கின்றன.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் இல்லை, அதிகமாக இருப்பதுதான் சிக்கல். இரைப்பு, ஈளை, இளைப்பு, இழுப்பு, சுவாசகாசம், மந்தாரகாசம் என்று ஒரு வரிசை. இலங்கைத் தமிழில் முட்டு, தொய்வு. இவை எல்லாவற்றுக்கும் மேல் இன்று வீட்டுக்கு வீடு புழங்கும் ‘வீசிங்’. குழந்தைக்கு ‘வீசிங் இருக்கு’ என்று சொல்லத் தயங்காத பெற்றோர் ‘ஆஸ்துமா’ என்று சொல்லத் தயங்குவார்கள். ஒன்று இன்றைய தொந்தரவு, மற்றது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும் பட்டம் என்ற எண்ணம்.

சுவாசகாசத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். சுவாசம் மூச்சு, காசம் இருமல்; சொல்லில் பிழை ஒன்றும் இல்லை, சித்த மருத்துவத்தில் இன்றும் வழங்குகிறது. ஆனால் ‘காசநோய்’ என்றால் இன்று டிபி மட்டும்தான். இருமல் என்ற பழைய பொருள் மறந்துபோன பிறகு, ‘சுவாசகாசம்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் படிப்பவர் எதை நினைத்துப் பயப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மந்தாரகாசத்துக்கும் இதே கதிதான். ஆனாலும் அதை உருவாக்கியவரைப் பாராட்ட வேண்டும். மந்தாரம் என்றால் வானம் மூடிக் கிடப்பது. 2016 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் இடிமழைக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் குவிந்தார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். புல் மகரந்தம் ஈரத்தில் உடைந்து நுண்துகளாகி நுரையீரலுக்குள் இறங்கியதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வானிலைக்கும் இரைப்புக்கும் தொடர்பு உண்டு என்பதைத் தமிழ்ச் சொல்லே குறித்து வைத்திருக்கிறது.

இளைப்பு நல்ல சொல். ‘இளைப்பாறு’ என்பதில் மூச்சு வாங்கும் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ‘இளைத்துவிட்டான்’ என்றால் மெலிந்துவிட்டான் என்றுதான் இப்போது காதில் விழும். இழுப்பு என்பதைப் பல இடங்களில் வலிப்புக்கும் சொல்கிறார்கள்; அவசர நேரத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. ஆக எஞ்சி நிற்பவை இரைப்பும் ஈளையும். இணையத்தில் ‘ஈழை’ என்றும் எழுதுகிறார்கள், அகராதி வடிவம் ஈளைதான்.

‘இரை’ என்ற வினை ஒலியைக் குறிக்கும். கடல் இரைகிறது, இரைச்சல் என்பதெல்லாம் அதன் வழி வந்தவை. மூச்சு இரைக்கிறது என்னும்போது திணறலும் அதன் ஓசையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஈளையோ கோழையை, அதாவது சளியைச் சுட்டும் சொல். ‘ஈளை இருமல்’ என்று சேர்த்தே சொல்லும் வழக்கமும் உண்டு. சளியைச் சொல்லி, அதனால் வரும் நோயையும், சில இடங்களில் சயரோகம் என்ற டிபியையும்கூட அதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். ஒன்று அறிகுறியின் பெயர், மற்றது காரணமாகக் கருதப்பட்ட பொருளின் பெயர். காரணத்தைச் சொல்லும் பெயர்தானே மேல் என்று தோன்றும். இங்கே அது சரிவராது. ஏன் என்பதற்கு ஒரு மருந்தின் கதையைச் சொன்னால் போதும்.

இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை இயோசினோஃபில். 1879-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், இயோசின் என்ற சாயத்தை ஏற்றுச் சிவக்கும் அணுக்களைக் கண்டு இப்படிப் பெயரிட்டார். சாயத்தின் பெயருக்கு வேர் ‘இயோஸ்’ என்ற கிரேக்கச் சொல்; விடியலுக்கும் விடியல் தேவதைக்கும் அதுவே பெயர். 1958-இல் இங்கிலாந்தில் ஹாரி மோரோ பிரவுன் என்ற மருத்துவர் ஆஸ்துமா நோயாளிகளின் கோழையை நுண்ணோக்கியில் பார்த்தார். இயோசினோஃபில் நிறைந்த கோழை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை வேலை செய்தது, மற்றவர்களுக்குச் செய்யவில்லை. ஒரே பெயரில் குறைந்தது இரண்டு நோய் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. மருத்துவ உலகம் அதைப் பல ஆண்டுகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மெப்போலிசுமேப் வந்தது. இயோசினோஃபில்களை வளர்த்துவிடும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதத்தைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அது. 2000-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அணுக்கள் குறைந்தன, மூச்சுக்குழலில் மாற்றம் இல்லை. 2007-இல் 362 பேரிடம் சோதித்தார்கள். அப்போதும் அணுக்கள் குறைந்தன, நோயாளிகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. மருந்தை மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் பிரிட்டனின் லெஸ்டரிலும் கனடாவின் ஹாமில்டனிலும் இரண்டு குழுக்கள் வேறு மாதிரி யோசித்தன. ஆஸ்துமா என்று பெயர் பெற்ற எல்லோரையும் சேர்க்காமல், கோழையில் இயோசினோஃபில் கூடுதலாக இருந்து அடங்கியிருந்த நோய் அடிக்கடி திடீரெனப் பொங்கிச் சீறுபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். லெஸ்டரில் 61 பேர், ஹாமில்டனில் 20 பேர். அதே மருந்து இப்போது வேலை செய்தது. லெஸ்டரில் மருந்து பெறாதவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 3.4 கடுமையான சீற்றங்கள் வந்தன, மருந்து பெற்றவர்களுக்கு 2 மட்டுமே. முடிவுகள் 2009-இல் ஒரே மருத்துவ இதழில் அடுத்தடுத்து வெளியாயின. 2015-இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

முதல் தோல்விகளுக்கு மருந்து பொறுப்பல்ல, யாரைச் சோதித்தார்கள் என்பதே பொறுப்பு. ‘ஆஸ்துமா’ என்ற பெயரை ஒரே நோய் என்று நம்பி எல்லோரையும் ஒரு கூடையில் போட்டதால் பலன் பெறக்கூடியவர்கள் கூட்டத்தில் கரைந்துபோனார்கள்.

அதன்பின் வேகம் கூடியது. பென்ராலிசுமேப், டுப்பிலுமேப், டெசெபெலுமேப் என்று உயிரி மருந்துகள் வரிசையாக வந்தன. பெயரின் கடைசியில் வரும் ‘மேப்’, மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பதன் சுருக்கம். ஒவ்வொன்றும் மூச்சுக்குழல் அழற்சியின் (வீக்கத்தின்) வேறு வேறு கண்ணியைப் பிடிக்கிறது. ஆண்டுக்கு இரண்டே ஊசி போதுமான டெப்பெமோக்கிமேப் பற்றிய பெரிய ஆய்வுகள் 2024-இல் வெளியாயின. 2017-இல் இயன் பாவர்ட் தலைமையிலான, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், ஆஸ்துமா என்பதை ஓர் அறிகுறித் தொகுப்பின் பெயராக மட்டும் வைத்துக்கொள்வோம், இது எந்த வகை ஆஸ்துமா என்று அடுத்துக் கேட்போம் என்றது. காய்ச்சல் என்று சொன்னதோடு எந்த மருத்துவரும் நிறுத்துவதில்லை, என்ன காய்ச்சல் என்று பார்க்கிறார் அல்லவா, அதுபோல.

இப்படிப் பார்க்கும்போது ‘இரைப்பு நோய்’தான் பொருத்தமான தமிழ். அது காரணம் எதையும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. கிரேக்கச் சொல் செய்யும் வேலையை அப்படியே செய்கிறது. முன்னொட்டுச் சேர்த்தால் வகையும் கிடைத்துவிடும்: ஒவ்வாமை இரைப்பு, இயோசினோஃபில் இரைப்பு, தொழில்வழி இரைப்பு. ஈளையை வைத்து இப்படிக் கட்ட முடியாது. வறட்டு இருமல் மட்டுமே உள்ளவரிடம் போய் உங்களுக்கு ஈளை நோய் என்றால் எனக்குச் சளியே இல்லையே என்பார்.

அதற்காக ஈளையைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு இப்போதுதான் நல்ல வேலை வந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று ஆஸ்துமா நோயாளிகளின் நுரையீரலை சிடி ஸ்கேனில் பகுதி பகுதியாகப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டோரின் மூச்சுக்குழல் கிளைகளில் கெட்டிப்பட்ட கோழை அடைத்துக்கொண்டிருந்தது. இருமித் துப்பினால் போய்விடும் சளி அல்ல அது. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருந்தது. இயோசினோஃபில்கள் வெளியிடும் ஒரு நொதி கோழையை இறுக வைப்பதற்கும் சான்று கிடைத்தது. பலருக்கு அடைப்பு இருந்தும் சளித் தொல்லை என்று புகாரே இல்லை. டெசெபெலுமேப், டுப்பிலுமேப் போன்ற மருந்துகள் இந்த அடைப்பைக் குறைப்பதையும் பிறகு வந்த ஆய்வுகள் ஸ்கேனில் காட்டின. புகைப்பழக்கத்தோடு அதிகம் சேர்ந்து வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும், அதாவது சிஓபிடியிலும், இதே அடைப்பு உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு அதிகம் என்று 4,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் சொன்னது. இந்த அடைப்பை ‘சளிக்கட்டி’ என்றெல்லாம் மொழிபெயர்க்கிறார்கள். ‘ஈளை அடைப்பு’ என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது.

சிஓபிடி என்று சொன்னதும் இன்னொரு சுவர் இடிவதையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா வேறு, சிஓபிடி வேறு என்று பாடநூல்கள் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தன. ஆஸ்துமாவுக்கு வந்த டுப்பிலுமேப், 2024-இல் இயோசினோஃபில் கூடிய சிஓபிடிக்கும் அனுமதி பெற்றது. 2025-இல் மெப்போலிசுமேப்பும் பெற்றது. அதனால் இப்போது நோயின் பெயரைவிட, நோயாளியிடம் உள்ள ‘சிகிச்சைக்கு இணங்கும் கூறு’ எது என்று தேடும் போக்கு வலுத்திருக்கிறது.

இத்தனை புதுமைக்கு நடுவிலும் பெரும்பாலானோருக்கு வேண்டியது ஊசி அல்ல, இன்ஹேலர்தான். அங்கேயும் ஒரு மாற்றம் நடந்தது. தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர், தசையைத் தளர்த்தி மூச்சிரைப்பை நிறுத்தும், அழற்சியைத் தொடாது. லேசான ஆஸ்துமாதானே என்று அதை மட்டும் நம்பி இருப்பது சரியல்ல என்று 2019-இல் ஜீனா என்ற உலகளாவிய வழிகாட்டுதல் குழு சொன்னது. மூச்சுக்குழலை விரிக்கும் ஃபார்மெட்டரோலோடு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டையும் ஒரே இன்ஹேலரில் சேர்த்து, தேவைப்படும்போது எடுத்தால் கடுமையான சீற்றங்கள் வெகுவாகக் குறைவதை அதற்கு முந்தைய ஆண்டு வெளியான பெரிய ஆய்வுகள் காட்டியிருந்தன. இருக்கிற இன்ஹேலரைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் இதைக் கேட்பது நல்லது.

மேலே பல இடங்களில் ‘சீற்றம்’ என்று எழுதியிருக்கிறேன். அதுவும் தெரிந்தே எடுத்த சொல்தான். அடங்கியிருந்த நோய் திடீரெனப் பொங்குவதற்கு ஆங்கில மருத்துவத்தில் எக்ஸாசர்பேஷன் என்பார்கள்; கசப்பு, கடுமை என்று பொருள்படும் லத்தீன் சொல் அதன் வேர். தமிழில் ‘தீவிரமடைதல்’, ‘நோய் முற்றல்’ என்று எழுதுகிறார்கள். முற்றிய நோய் பழைய நிலைக்குத் திரும்பாது; இது திரும்பும். எழுந்து, ஆடி, அடங்கும் தன்மை சீற்றத்தில்தான் இருக்கிறது. கடலுக்கு இரைதலும் உண்டு சீற்றமும் உண்டு என்பதால் இரைப்போடு அது நன்றாகச் சேர்கிறது. ‘இரைப்புச் சீற்றம்’, ‘சிஓபிடி சீற்றம்’ இரண்டும் வாயில் தடுக்கவில்லை.

அந்தச் சீற்றத்துக்கான சிகிச்சை பல பத்தாண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரையிலேயே நின்றுவிட்டது. 2024 நவம்பரில் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த மோனா பஃபாதெல் தலைமையிலான குழு அதை அசைத்துப் பார்த்தது. இயோசினோஃபில் கூடிச் சீற்றம் கண்ட 158 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆஸ்துமாவா சிஓபிடியா என்று பார்க்காமல் இருவகையினரையும் சேர்த்திருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, மற்றப் பிரிவுகளுக்கு ஒரே ஒரு பென்ராலிசுமேப் ஊசி, மாத்திரையோடு அல்லது மாத்திரை இல்லாமல். 90 நாள் முடிவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 74 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தோற்றிருந்தது; ஊசி போட்டவர்களில் 45 விழுக்காட்டினருக்கு. ஆய்வு சிறியது, இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் இந்த ஆய்வில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானித்தது நோயின் பெயர் அல்ல, இரத்தத்தில் இருந்த ஓர் அணுவின் எண்ணிக்கை.