யாழ்ப்பாண வெக்கையில் சுவிட்ச் 2

நின்ரெண்டோவின் கையடக்க கேம் கருவியான சுவிட்ச் 2, 2025 ஜூனில் வெளிவந்தது. கையில் எடுத்தவுடன் கண்ணில் படுவது 7.9 அங்குலத் திரைதான். 2017இல் வந்த முதல் சுவிட்சுக்கு 6.2 அங்குலம். ஆனால் லீவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகனிடம் வாங்கி, காற்று விழுந்துபோன ஒரு மத்தியானம் விறாந்தையில் இருந்து விளையாடியபோது எனக்கு உறைத்தது அதன் முதுகுச் சூடு.

அந்தச் சூட்டுக்குக் கணக்கு உண்டு. பற்றரி 5220 மில்லி அம்பியர் மணி, அதாவது ஏறக்குறைய 19 வாட் மணி. பாரமான கேம் இரண்டு மணித்தியாலத்தில் அதைக் குடித்துவிடும், இலேசானது ஆறரை மணித்தியாலம் வரை ஓடும் என்று கம்பனியே சொல்கிறது. வகுத்தால் முதலாவதற்குக் கிட்டத்தட்ட 10 வாட், மற்றதற்கு 3. திரை வெளிச்சமாகவும் சத்தமாகவும் போவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வெப்பம்.

சிப்புக்குள் கோடிக்கணக்கான திரான்சிஸ்டர்கள் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரு துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. வேகம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். செலவோ அழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். டொக் என்ற தாங்கியில் வைத்து டிவியில் ஆடும்போது 1007 மெகாஹேர்ட்ஸில் ஓடும் கிராபிக்ஸ் பகுதி, கைக்கு வந்ததும் 561க்கு இறங்குவது இதனால்தான். அப்படியும் படம் அவ்வளவாக மங்குவதில்லை. பல கேம்கள் குறைந்த புள்ளிகளில் வரைந்துவிட்டு, மிச்சத்தை, சிப்பைச் செய்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தால் நிரப்பிக்கொள்கின்றன. கெட்டிக்காரத்தனமான சிக்கனம்!

சரி, வந்த வெப்பம் எப்படிப் போகிறது? உள்ளே ஒரு சின்ன விசிறி, பின்பக்கத் துளைகளால் காற்றை இழுத்து மேல்விளிம்பால் தள்ளுகிறது. காற்று எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுபோகும் என்பது காற்றுக்கும் உள்ளே சூடாகும் பாகத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. உள்ளே உலோகத் தகடு 52 பாகை என்று வைப்போம். 22 பாகை அறையில் வித்தியாசம் 30. எங்கள் 32 பாகை விறாந்தையில் 20தான். அதே காற்றோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமே வெளியேறும். விசிறி இரைந்து சுழல்வதில் ஆச்சரியம் இல்லை. 5 முதல் 35 பாகைக்குள் பாவிக்கும்படி நின்ரெண்டோ சொல்கிறது. ஓட்டுக்கூரையின் கீழ் மே மாத மத்தியானம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

மேசை விசிறியைப் போடுவது நல்லது. அது அறைக் காற்றைக் குளிர்விக்காது, ஆனால் வெளியே தள்ளிய சூட்டையே கருவி திரும்ப இழுக்காமல் கலைத்துவிடும். சார்ஜரில் போட்டபடி விளையாடினால் பற்றரியின் சூடும் சேரும். மருமகனுக்குப் பிடித்ததோ தலையணையில் சாய்த்து வைத்து ஆடுவது. பின்பக்கத் துளைகள் பஞ்சுக்குள் புதைந்தால் எந்த விசிறியும் என்ன செய்யும்?