பிரெஞ்சு வினைச்சொல்லின் தலையில் கோடு எப்போது விழுகிறது?

பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிறவர்களை மிரட்டுவது வினைச்சொல் அட்டவணைதான். 'பேசு' என்னும் பொருளுடைய 'பர்லே'யைப் பாருங்கள். நான், நீ, அவன், அவர்கள் என்று நான்கு இடங்களுக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல். ஒலி மட்டும் ஒன்றே, 'பார்ல்'. 'அவர்கள்' என்பதற்குரிய ஈ-என்-டி விகுதி வாய்க்கு வருவதே இல்லை. அதே மூன்றெழுத்து பெயர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் மூக்கொலியாகும். 'மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்பதற்குப் பிரெஞ்சில் 'லே பூல் டு கூவான் கூவ்'. கடைசி இரண்டு சொற்களும் எழுத்தில் அச்சு அசலாக ஒன்றே. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு அசை, வினைக்கு ஓர் அசை.

அட்டவணையில் தாறுமாறாகத் தெரிகிற பல மாற்றங்களுக்கு அசைதான் காரணம். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 'வாங்கு' என்னும் வினை. எழுத்தில் அது மூன்று அசை: அ-ஷ-தே. நடு அசையில் உள்ள 'ஈ' (e) என்னும் எழுத்து நலிந்த உயிர், ஏறக்குறைய நம் குற்றியலுகரம் போல. 'நாடு இல்லை' என்பது 'நாடில்லை' ஆகும்போது உகரம் கெடுவதுபோல இதுவும் கெடும்; மெய்களுக்கு நடுவிலும் கெடும் என்பதே வேறுபாடு. அதனால் பேச்சில் அது 'அஷ்-தே', இரண்டே அசை.

இனி 'நான் வாங்குகிறேன்'. இங்கே விகுதியான 'ஈ' ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள 'த்' முந்தைய அசையோடு ஒட்டி அதை மூடிவிடுகிறது: ஜா-ஷெத். பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில்தான் விழும். நலிந்த உயிரால் அதைத் தாங்க முடியாது. வாயை அகலத் திறந்து சொல்லும் 'எ'வாக அது மாறியாக வேண்டும். அதைக் காட்டத்தான் எழுத்தின் தலையில் சாய்கோடு. 'நாங்கள் வாங்குகிறோம்' என்றால் 'நூ ஸாஷ்-தோன்'. அழுத்தம் 'தோன்' மேல் போய்விட்டதால் கோடும் போய்விடுகிறது.

'அழை' என்னும் வினையில் இதே 'எ' ஒலியைக் கோடு போடாமல் 'எல்' எழுத்தை இரட்டித்துக் காட்டுகிறார்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை எதற்கு? 1990 டிசம்பரில் பிரான்ஸ் அரசிதழில் வெளியான எழுத்துச் சீர்திருத்தம், 'அழை', 'எறி' ஆகிய இரண்டின் குடும்பங்களைத் தவிர, இவ்வகை வினைகளுக்கெல்லாம் சாய்கோட்டையே பரிந்துரைத்தது. 'திரும்பச் சொல்' என்பதன் எதிர்காலத்தையும் அது சரிசெய்தது. பேச்சில் எல்லோரும் 'ரே-பெத்-ரே' என்று அகன்ற 'எ'வோடு சொல்லிக்கொண்டிருக்க, எழுத்தில் மட்டும் வாயைக் குறுக்கிச் சொல்லும் 'ஏ'வுக்குரிய வேறு கோடு நின்றது. எழுத்தைக் காதின் பக்கம் நகர்த்திய அந்த முடிவு மிகச் சரியானது.

'அவன் நேசிக்கிறான்', 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பவற்றிலும் வினையின் ஒலி ஒன்றே. முதலாவது 'இ-லெம்', இரண்டாவது 'இல்-ஸெம்'. 'அவர்கள்' என்னும் பிரதிப்பெயரின் ஊமை 'எஸ்', வினையின் முதல் உயிரைக் கண்டதும் உயிர்பெற்று அடுத்த அசைக்குத் தாவுகிறது. 'பேசு' போல மெய்யில் தொடங்கும் வினையானால் இந்த உதவியும் கிடையாது. ஒருவனா பலரா என்பதை முன்பின் பேச்சை வைத்துத்தான் பிரெஞ்சுக்காரரும் தெரிந்துகொள்கிறார்.