அட்டாச்மென்ட்: பற்றா, பிணைப்பா, ஒட்டுதலா?

நாகர்கோவிலில் ஒரு தடுப்பூசி வரிசை. "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுங்க, அப்பதான் பிள்ளைக்கு அட்டாச்மென்ட் வரும்" என்றார் நர்ஸ். கைப்பிள்ளைக்காரிக்குப் பால் போதவில்லை, முகம் வாடிவிட்டது. மாமியார் விடவில்லை: "பிள்ளை இவகிட்ட நல்லா ஒட்டிட்டுல்லா!" அட்டாச்மென்ட் என்ற சொல்லின் பொருள் மாமியாருக்குத்தான் பிடிபட்டிருந்தது.

அட்டாச்மென்ட், 'கட்டிவை' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அதன் அடியில் கிடப்பது ஒரு முளைக்குச்சி. ஆங்கிலத்தில் முதலில் கோர்ட்டு வார்த்தையாகத்தான் புழங்கியது. ஆளையோ சொத்தையோ பிடித்துவைப்பது. சொத்தென்றால் நம் ஊரில் அதற்கு ஜப்தி. மின்னஞ்சலில் வந்தால் இணைப்பு.

பிள்ளை தன்னை வளர்ப்பவரைத் தேடி ஒட்டுவதற்கு இச்சொல்லை நிலைநிறுத்தியவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி. பால் கொடுப்பதால்தான் தாய்மேல் பாசம் என்பது அதுவரை பலரும் நம்பியது. அவர் அதை மறுத்தார். 1958இல் அமெரிக்காவின் ஹாரி ஹார்லோ தன் குரங்குக் குட்டிகளைப் பற்றி எழுதினார். கம்பியால் செய்த 'அம்மா'விடம் பால் புட்டி. துணி சுற்றிய 'அம்மா'விடம் ஒன்றுமில்லை. குட்டிகள் பாலைக் குடித்துவிட்டுத் துணி அம்மாவிடமே ஓடின.

அப்படியென்றால் தாய்ப்பாலுக்கும் பிற்கால மனநலத்துக்கும் தொடர்பே இல்லையா? ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிள்ளைகளை 14 வயதுவரை கவனித்த ஆய்வில், ஆறு மாதத்துக்குக் குறைவாகக் குடித்தவர்களுக்கு மனநலச் சிக்கல் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் நீண்டநாள் பால் கொடுக்க முடிகிற வீட்டில் வேறு வசதிகளும் இருக்குமே. பெலாரஸில் 17,000க்கும் மேற்பட்ட தாய்-சேய்களை வைத்து, சில மருத்துவமனைகளில் மட்டும் பாலூட்டலுக்குக் கூடுதல் உதவி தந்து பார்த்தார்கள். ஆறரை வயதில் இரு பக்கத்துப் பிள்ளைகளின் நடத்தையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாய்ப்பாலுக்கு நோய்த்தடுப்பு முதல் எத்தனையோ பெருமை உண்டு; பாசத்தையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

சரி, தமிழில் எதைச் சொல்வது? 'பற்று' என்கிறார்கள். நம் மரபில் பற்று விடவேண்டிய ஒன்று; அதோடு, 'அட்டாச்மென்ட் டிஸ்ஆர்டர்' என்பதைப் 'பற்றுக் கோளாறு' என்று எழுதினால் கூட்டுறவு வங்கிக் கணக்கில் பிழை போலத் தோன்றும். 'பிணைப்பு' நல்ல சொல்தான், ஆனால் அதை 'பாண்டிங்'குக்கு விட்டுவிடலாம். அது பெற்றவர் பக்கத்திலிருந்து பிள்ளையை நோக்கி வருவது.

என் ஓட்டு ஒட்டுதலுக்கே. குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வேர்க்கன்றின் பட்டையைச் செவ்வகமாகக் கீறி, நல்ல மரத்து மொட்டை அதில் பொருத்தி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால்தான் பிடித்ததா என்று தெரியும். தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும், நாளும் ஆகவேண்டும். இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகும் அம்மாவின் பிள்ளை, அழும்போதெல்லாம் தூக்கிய ஆச்சியிடமும் ஒட்டும். வளர்ப்பவர் துணை இருப்பார் என்ற நம்பிக்கையோடு பிள்ளை ஒட்டியிருப்பதுதான் 'செக்யூர் அட்டாச்மென்ட்'; அதைப் 'பாதுகாப்பான ஒட்டுதல்' என்று எழுதலாம். பேச்சில் அதுகூட வேண்டாம், "பிள்ளை ஒட்டிட்டு" போதும்.