மைக்செட் மாமாவுக்குப் பிடிக்காத சத்தங்கள்

பாலக்கோட்டில் என் மாமா மைக்செட் கடை வைத்திருந்தார். சுத்துப்பட்டு ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து என்றால் விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். அவருக்கு மூன்று எதிரிகள். வால்யூமை ஏற்றினால் புனல் குழாயில் வரும் கரகரப்பு. யாரும் பேசாதபோதும் 'ம்ம்ம்' என்று அடிக்கும் ஹம். கட்டியங்காரன் மைக்கைக் குழாய்ப் பக்கம் திருப்பிவிட்டால் தூங்குகிற குழந்தைகளை எல்லாம் எழுப்பிவிடும் விசில். இந்த மூன்றையும் அடக்கத் தெரிந்தவன்தான் மைக்செட்காரன் என்பார்.

கல்லூரி வந்த பிறகு ராக் இசையின் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கேட்டேன். மாமா துரத்திய மூன்று பேரும் அங்கே ஜம்மென்று உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹென்ட்ரிக்ஸ் 1942இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர், 1970இல் லண்டனில் 27 வயதில் இறந்தவர். இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். இதெல்லாம் எங்கும் கிடைக்கும் தகவல். எனக்குச் சொல்ல வேண்டியது 1967இல் வந்த 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டின் முதல் சில நொடிகளைப் பற்றி.

பாட்டு ஆரம்பிக்கும்போது பேஸ் கிட்டார் 'இ' என்ற சுரத்தையும், ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் 'பி ஃப்ளாட்' என்ற சுரத்தையும் ஒரே தாளத்தில் குத்துகின்றன. 'இ'யை நம் சட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்துக்கொண்டால் மற்றது பிரதி மத்யமம், இரண்டு 'ம'வில் மேலே இருப்பது. மேற்கத்திய இசையில் இந்த ஜோடிக்குச் சாத்தானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்றும் பயமில்லை, தம்புரா சட்ஜத்தின் மேல் கல்யாணியையும் பந்துவராளியையும் காலங்காலமாகப் பாடி வருகிறோம். ஆனால் கல்யாணியில் அந்த மத்யமம் பஞ்சமத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், கடைசியில் போய்ச் சேர்ந்தும் விடும். ஹென்ட்ரிக்ஸ் அதைப் பஞ்சமத்துக்கு விடுவதில்லை. சுரத்தை அசைக்கிற கமகமும் இல்லை. ஆணி அடிப்பதுபோல ஒரே இடத்தில் அடிக்கிறார். காது 'அடுத்தது எங்கே' என்று தவிக்கும்போது அதற்குப் பதில் சொல்லாமல் வேறொரு வேலையைத் தொடங்கிவிடுகிறார். அங்கிருந்து வரும் மெட்டு ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்ற ஐந்து சுரங்களின் மேல் நிற்கிறது. அதாவது சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள். 1968இல் வந்த 'வூடூ சைல்ட்' பாட்டின் புகழ்பெற்ற மெட்டுக்கும் இதே சுரங்கள்தான். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றும் வித்தை வீணை கேட்டவர்களுக்குப் புதிதில்லை.

உண்மையான விஷயம் மெட்டுக்கு அடுத்து வரும் கார்டில் இருக்கிறது. பல தந்திகளை ஒருசேர மீட்டுவதுதான் கார்டு. கிட்டார்காரர்கள் இன்றைக்கும் 'ஹென்ட்ரிக்ஸ் கார்டு' என்றே சொல்லும் இதில் சட்ஜம், அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம், இவற்றுக்கு மேலே, அடுத்த ஸ்தாயியில், சாதாரண காந்தாரம் என்று நான்கு சுரங்கள். அக்கம்பக்கத்துச் சுரங்களான இரண்டு காந்தாரமும் ஒன்றாக! ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே இருக்கும் அந்தர காந்தாரத் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 208 முறை அதிர்கிறது. எந்தத் தந்தியும் தன் அதிர்வெண்ணோடு நிற்காது, இரட்டிப்பு, மும்மடங்கு என்று மேற்சுரங்களையும் சேர்த்தே கொடுக்கும். 208இன் இரட்டிப்பு ஏறத்தாழ 415. மேலே ஒலிக்கும் சாதாரண காந்தாரம் 392. இரண்டுக்கும் வித்தியாசம் 23. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த விம்மல் இதுதான், நொடிக்கு 23 முறை. நொடிக்கு ஒன்றிரண்டு என்றால் ஊஞ்சல்போல ஏறி இறங்குவது கேட்கும். இருபதைத் தாண்டினால் காதால் எண்ண முடியாது, அது சொரசொரப்பாகப் படும்.

ஆனாலும் கரகரப்பில்லாத கிட்டாரில் இதே கார்டை வாசித்தால் அவ்வளவு உறைக்காது. மேற்சுரங்கள் அங்கே அடக்கமாகக் கிடக்கும். அவற்றைத் தட்டி எழுப்புவது, கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டுகிற ஃபஸ் பெட்டி. ஹென்ட்ரிக்ஸ் பயன்படுத்திய ஃபஸ் ஃபேஸ் என்ற பெட்டி 1966இல் வந்தது. அன்றைய பெட்டிக்குள் இரண்டு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், அவ்வளவே. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி பார்த்தவர்களுக்கு அது செய்யும் வேலை எளிதில் புரியும். உருண்டு திரண்டிருந்த குன்றின் தலையை அறுத்து எடுத்துவிட்டால் மேலே தட்டையான பாறை, ஓரத்தில் செங்குத்து. அதேபோல ஃபஸ், ஒலி அலையின் உச்சியைச் சீவிவிடுகிறது. வழவழப்பான அலையில் மேற்சுரம் குறைவு. அறுத்த ஓரம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து சீவப்பட்டால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட ஒலியாக வந்து சேரும். நம் 392க்கும் 415க்கும் நடந்த சண்டை இப்போது தெருவுக்கு வந்துவிடுகிறது. (கரகரப்பு என்றதும் கரகரப்பிரியா ராகம் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்க.) என் கணிப்பில் அந்தக் கார்டும் ஃபஸ்ஸும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது பாதிதான்.

'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பில் இன்னொரு பெட்டி, ஆக்டேவியா. ரோஜர் மேயர் என்ற ஒலிப் பொறியாளர் செய்தது. வாசிக்கிற சுரத்துக்கு மேல்ஸ்தாயிச் சுரத்தையும் சேர்த்துத் தரும். எப்படி? அலையின் கீழ்ப்பாதியைப் புரட்டி மேலே போட்டுவிடும். ஒரு மேடு, ஒரு பள்ளம் இருந்த இடத்தில் இரண்டு மேடு, எனவே அதிர்வெண் இரட்டிப்பு. மின்சாரத்தை டிசியாக மாற்ற ஆம்ப்ளிஃபயருக்குள் டயோடுகள் செய்வதும் இதே வேலைதான். லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் அங்கே 100 ஆகிறது. அதை வழவழப்பாக்குகிற கன்டென்சர் காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ்தான் குழாயில் ஹம்மாக அடிக்கும். ஒருமுறை மாமாவிடம் இந்த வாசிப்பைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டார்.

"டேய், எந்த ஆம்ப்ளிஃபயர்டா இது? கன்டென்சர் போயிருக்கு, மாத்தச் சொல்லு."

அவர் சொன்னதில் பெரிய தப்பு இல்லை.

'வூடூ சைல்ட்' தொடக்கத்தில் 'வக்க வக்க' என்று வருவது வா-வா பெடல். 'ஊ' என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்து 'ஆ' ஆக்கினால் 'வா' வருகிறதல்லவா, அதைக் காலால் செய்வது. சுரம் மாறாது, எந்த மேற்சுரம் முந்தி நிற்கிறது என்பதுதான் மாறும். இடதுகைக்காரரான ஹென்ட்ரிக்ஸ் தந்தியை வலதுகையால் லேசாக அமுக்கிச் சுரமே இல்லாமல் செய்துவிட்டு, வெறும் தட்டலை வாய் பேசவைக்கிறார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்திப் பேசவைப்பவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது எதிரி விசில். குழாயில் வந்த சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து, பெருகி, மறுபடி குழாய்க்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பதால் வருவது. 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, வுட்ஸ்டாக் இசை விழா மேடையில் அமெரிக்க தேசிய கீதத்தை ஹென்ட்ரிக்ஸ் வாசித்தபோது பல சுரங்களை நீட்டி நிறுத்தியது இந்தச் சுற்றுதான். ஸ்பீக்கரில் வரும் ஒலி தந்தியை உலுக்க, தந்தி மறுபடி ஸ்பீக்கருக்கு ஒலி அனுப்ப, மீட்டாமலே சுரம் நிற்கிறது. மைக்கின் விசிலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். மைக், குழாய்க்கும் தூரத்துக்கும் ஒத்துவருகிற எந்த அதிர்வெண்ணிலும் கத்தும். தந்திக்கோ தன்னுடைய மேற்சுரங்களில் மட்டும்தான் அதிரத் தெரியும், ஆகவே கத்தினாலும் சுதியில் கத்தும். எந்த மேற்சுரம் என்பதை நிற்கிற இடம் தீர்மானிக்கிறது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது, ஓரடி தள்ளி நின்றால் அது வந்து சேரும் நேரம் மாறி, வேறொரு மேற்சுரத்துக்குத் தோதாகிவிடும்.

தர்மபுரியில் நண்பனின் வாடகை மாடி அறையில் இதைச் சோதித்துப் பார்த்தோம். ஃபஸ்ஸைப் போட்டு, ஸ்பீக்கரைப் பார்த்து அவன் கிட்டாரோடு நிற்க, சுரம் தாவுகிற இடத்திலெல்லாம் நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் கோட்டில் வாசித்த சுரமே நின்றது. இன்னும் கொஞ்சம் பின்னால் போனதும் அதன் மேல்ஸ்தாயி. மூன்றாவது கோட்டில் அதற்கும் மேலே பஞ்சமம் கிளம்பிய நேரத்தில் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார். நான்காவது கோடு போடவில்லை.